கெரிட்ஜ் சூளையின் கருகிய மணிகள்

லெட்டி ஸ்பிங்க் மூன்றாவது முறையாக உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டபோது, அவளுடைய பாஸ் ஆம்புரோஸ் கிட்டில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு" என்றார்.

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

"துப்பறியறவன் எல்லாத்தையும் எண்ணணும் லெட்டி. இந்தத் தளத்துல மொத்தம் பதினாலு உத்தரம். இன்னும் பதினொண்ணு பாக்கி."

கிட்டில் ஐந்தடி இரண்டு அங்குலம். அவருக்கு அந்த இடம் அரண்மனை. லெட்டிக்கு அவரைவிட முக்கால் அடி அதிகம். தலையில் தொப்பி வேறு. கையில் காலணி, கோட்டுப் பையில் காலுறை. முளை கட்டிய பார்லியை மிதித்தால் நசுங்கிவிடும் என்று வாசலிலேயே கழற்ற வைத்துவிட்டார்கள். தொண்ணூறு அடி நீளத்துக்கு நாலு விரல் கனத்தில் பார்லி விரிந்து கிடக்க, சுவரோரம் விட்டிருந்த ஒற்றையடிப் பாதையில் மூவரும் வரிசையாக நடந்தார்கள்.

முன்னால் போன மூன்றாவது ஆள் எஃப்ராயிம் லட்கின். அறுபத்தொரு வயது. பார்லியை முளைக்கவைத்து, சூளையில் உலர்த்தி, பீர் காய்ச்சுவதற்கான மால்ட் ஆக்கும் விக்கன்ஹாம் ஊரின் கெரிட்ஜ் ஆலையில் முப்பத்திரண்டு வருடமாகத் தலைமை மேஸ்திரி.

"இவ்வளவு தாழ்வா எதுக்கு மேஸ்திரி கட்டினாங்க?" என்றாள் லெட்டி, நெற்றியைத் தடவியபடி. "மரத்துக்குப் பஞ்சமா?"

"கூரையை உசத்தினா சூடு மேல ஓடிரும் புள்ள. தரை சில்லுன்னு ஆயிரும், பார்லி முளைக்காது. ஜன்னலெல்லாம் முழங்கால் உசரத்துல இருக்கு பாரு, அதுவும் பார்லி மூச்சு விடத்தான். இது மனுஷனுக்காகக் கட்டின கட்டடம் இல்ல."

"அதை என் மண்டை அப்பவே கண்டுபிடிச்சிருச்சு."

லட்கின் சிரிக்க முயன்றார். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு. அவர் போட்டிருந்த கோட்டு ஒரு காலத்தில் அவருக்கு அளவாக இருந்திருக்க வேண்டும். இப்போது ஆணியில் மாட்டியதுபோல் தோளில் தொங்கியது.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ஆறு வாரமாக, சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஈடு மால்ட்டிலும் கரிக்கட்டையாகக் கருகிய மணிகள் கலந்து வந்தன. இரண்டு மதுபான ஆலைகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டன. கருகல் ஒரு பிடிதான், ஆனால் ஒரு பிடி போதும், ஒரு பீப்பாயே கசந்துவிடும். ஆலைச் சொந்தக்காரி மிஸ் ரோவீனா கெரிட்ஜ் பொறுத்துப் பார்த்தாள். இன்று வெள்ளி. நாளை நண்பகலில் ஹார்கோர்ட் என்ற இயந்திர விற்பனையாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். பிறகு தானாகச் சுழலும் இரும்பு உருளைகள் வரும், எழுபத்து மூன்று வருடத்துப் பழைய சூளை இடிபடும், லட்கின் வீட்டுக்குப் போவார்.

அதைத் தடுக்கத்தான் ஃபிஸ்க் என்பவர் இப்ஸ்விச்சுக்கு ரயிலேறி வந்து கிட்டிலைப் பிடித்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஊரின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கத்தில் வேறு யாரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. "ஹார்கோர்ட்தான் கலக்கிறான். ஆதாரம் மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்" என்று மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

"ஹார்கோர்ட்டை எப்ப பிடிக்கப் போறோம் பாஸ்?" என்றாள் லெட்டி.

"உன் தொப்பியைக் கழற்று."

கழற்றினாள். கறுப்புத் தொப்பியின் உச்சியில் மூன்று வெள்ளைப் பட்டை. உத்தரங்களுக்கு அடித்த சுண்ணாம்பு.

"சூளைக்குப் போக வேற வழி உண்டா மேஸ்திரி?"

"கிடையாதுங்க ஐயா. இந்தத் தளத்தைத் தாண்டித்தான் போகணும்."

"ஹார்கோர்ட் உன்னைவிட உயரம் லெட்டி. காலையில முற்றத்துல அவர் தொப்பியைப் பாத்தியா? முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம்."

"தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். அப்ப மண்டை வீங்கியிருக்கும். அவர் வழுக்கைத் தலை அதை மறைக்காது." கிட்டில் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். "தொப்பியை வெச்சு யாரையும் தூக்குல போட முடியாது, ஒத்துக்கறேன். இதைப் பாரு. நேத்து இறக்கின ஈட்டுல நான் பொறுக்கினது."

தீப்பெட்டிக்குள் சில பார்லி மணிகள். லெட்டி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாதிதான் கருகியிருக்கு. ஒரு முனை கரி, மறு முனை பொன்."

"எல்லாமே அப்படித்தான். ஹார்கோர்ட் தன் வீட்டு அடுப்புல வறுத்து எடுத்துட்டு வந்து தூவியிருந்தா?"

"முழுக்கக் கருகியிருக்கும். எங்க அம்மா சுடற ரொட்டி மாதிரி."

"மேஸ்திரி நெருப்பை அதிகமா விட்டிருந்தா?"

"மொத்த ஈடும் பழுப்பாயிருக்கும்" என்று லட்கினே சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். ஆறு வாரத்தில் அந்த யோசனை அவருக்கு வரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஆனா ஐயா, சூளையில போட்ட மால்ட்டை நாங்க ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கிளறிப் புரட்டறோம். எந்த மணியும் ஒரே பக்கமா வேகறதுக்கு வழியில்லையே?"

"வழியில்லாத இடத்துலதான் எனக்கு வேலை" என்றார் கிட்டில். "ஏதோ ஒரு பிடி மணி மட்டும் உங்க கிளறலுக்குத் தப்பிச்சு, ஒரே இடத்துல அசையாம நின்னுக்கிட்டு இருக்கு. அந்த இடத்தைக் காட்டுங்க."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஐயா இப்படி இளைச்சுப் போறேன்?"

பதினாலாவது உத்தரத்துக்கு அப்பால் ஒரு மரக்கதவு. அதைத் திறந்ததும் லெட்டி முதுகை நிமிர்த்தி, வாய்விட்டுப் பெருமூச்சு விட்டாள். சூளை அறை. முப்பதடிக்கு முப்பதடி. நாலு சுவரும் மேலே போகப் போக ஒடுங்கி, கோபுரமாகக் கூடி, உச்சியில் காற்றோடு திரும்பும் மரக்கூண்டில் முடிந்தன. அங்கிருந்து கொஞ்சம் வெளிச்சம் இறங்கி வந்தது. மூலைகள் வரை வந்து சேர அதற்குத் தெம்பில்லை.

தரை முழுக்கச் சதுரமான சுட்ட மண் ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் நூற்றுக்கணக்கான துளைகள். கீழ்த்தளத்தில் எரியும் நெருப்பின் சூடு அந்தத் துளைகள் வழியாக ஏறி மால்ட்டை உலர்த்தும். நேற்று ஈடு இறக்கியாகிவிட்டது. அடுத்தது இன்று பிற்பகல் ஏறும். அதனால் தரை காலியாக, பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது.

"தொள்ளாயிரம் ஓடு" என்றார் கிட்டில், மகிழ்ச்சியாக.

"எண்ண ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் லெட்டி.

லட்கின் கதவருகே மாட்டியிருந்த சாக்குத் துண்டுகளை எடுத்து நீட்டினார். "காலுக்குச் சுத்திக்க புள்ள. நாங்க எப்பவும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் நடப்போம். தரை சுடும்."

"நேத்தே நெருப்பை அணைச்சாச்சுல்ல? ஏற்கெனவே மண்டை வீங்கிருச்சு. காலுக்கும் மூட்டை கட்டினா என்னை லாரியில ஏத்திருவாங்க."

கிட்டில் பூதக்கண்ணாடியோடு சுவர்ப் பக்கம் போனார். லெட்டி வெறுங்காலோடு தரையில் உலாத்தினாள். இதமான வெதுவெதுப்பு. உள்ளங்காலில் பூனை நாக்கு நக்குவதுபோல் ஒரு சொரசொரப்பு. குளிர்ந்த மார்ச் மாதத்துக்கு இதைவிடச் சுகம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள்.

"நீ உல்லாசப் பயணம் வந்தியா, உத்தியோகம் பாக்க வந்தியா?"

"கால் வேலை பாக்குது பாஸ். உங்க கண்ணைவிட..."

வடகிழக்கு மூலையில் அவள் குரல் நின்றது. சொரசொரப்பு இல்லை. ஏதோ பொருபொருவென்று, குழிகுழியாக. கட்டைவிரல் லேசாக உள்ளே அமுங்கியது.

"பாஸ். விளக்கு."

லாந்தரோடு மூன்று பேரும் குனிந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மற்ற ஓடுகளைப்போலவே ஒரு ஓடு. தூசியும் தவிடும் சமமாக மூடியிருந்தன. கிட்டில் பேனாக்கத்தியால் கீறினார். தூசி விலகியது. ஊசித் துளைகள் இல்லை. குழிப்பணியாரச் சட்டிபோல வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் நெட்டுக்குத்தலாகப் பார்லி மணிகள் அடைந்து கிடந்தன. ஒன்றை நெம்பி எடுத்தார். அடிமுனை கரி. மேல்முனை பொன்.

"இந்த ஓட்டோட அடிப்பக்கம் எப்படி இருக்கும் மேஸ்திரி?"

லட்கின் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார். "இப்படித்தான் இருக்கும். குழியா. சூடு குழியில நுழைஞ்சு மேல ஊசித் துளையா பிரியும். இது... இதைத் தலைகீழா போட்டிருக்காங்கய்யா யாரோ."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார், வேகமாக, ஒரு சிறுவனைப்போல. குழியில் விழுந்த மணி கிளறலுக்கு வராது. கருகினால் சுருங்கும். சுருங்கினதும் வாருகோல் பட்டு வெளியே வந்து சரக்கோடு கலந்துவிடும். அடுத்த ஈடு ஏறினதும் குழி மறுபடி நிரம்பிவிடும். ஓடுகள் இரும்புக் கம்பிகள் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை, பூச்சு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுக்கலாம்.

சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கருக்கறேன்னு நெனச்சேன். என் மூக்கு போயிருச்சு, நெருப்போட வாசம் தெரியலேன்னு. கண்ணும் முன்ன மாதிரி இல்லைங்க ஐயா. இந்த மூலையை ஒவ்வொரு ஈட்டுக்கும் நான்தானே பெருக்கறேன்? தெரியலையே. வெளிய சொன்னா வேலை போயிரும்னு சொல்லலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெட்டி அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

கிட்டில் ஓட்டைத் தூக்கி, உள்ளே மீதமிருந்த மணிகளைத் தட்டிவிட்டு, அதன் முகத்தை உற்றுப் பார்த்தார். குழிகளுக்கு நடுவே ஒரு முத்திரை. 'ஆரிஸ் அண்டு சன், 1861.' எழுத்துகளைச் சுற்றி மண்ணுக்குள் கறுப்பாக ஏதோ ஊறியிருந்தது. மோந்து பார்த்துவிட்டு லெட்டியிடம் நீட்டினார்.

"மெழுகு" என்றாள். "செருப்புக் கடை வாசனை. குதிகால் விளிம்புக்குத் தேய்ப்பாங்களே, அந்தக் கறுப்பு மெழுகு. சூட்டுல உருகி உள்ள இறங்கியிருக்கு. அப்போ குற்றவாளி ஒரு செருப்புத் தைக்கிறவரு! பாஸ், ஆளைப் பிடிச்சதும் என் காலணியையும் தைக்கக் கொடுத்திரலாம்."

"செருப்புத் தைக்கிறவருக்கு ஓட்டுல என்ன வேலை? அந்த மெழுகை வேற யார் வாங்குவாங்கன்னு யோசி."

லெட்டி யோசித்தாள். அவள் ஊர்த் தேவாலயத்தில், கல்லறைகளின் மேல் பதித்த பித்தளைத் தகடுகளை நினைத்துக்கொண்டாள். ஞாயிறு மதியம் பூசை முடிந்ததும் தரையில் குப்புறப் படுத்து, தகட்டின் மேல் தாளை விரித்து, கறுப்பு மெழுகால் தாள் கிழியும் அளவுக்குப் பரபரவென்று தேய்த்து உருவத்தைப் படியெடுக்கும் கனவான்கள்.

"ஐயோ" என்றாள்.

"ம்" என்றார் கிட்டில். "காலணியை எடுத்துக்க. அலுவலகத்துக்குப் போவோம். குனிஞ்சு வா."

அலுவலகத்தில் மிஸ் கெரிட்ஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது, அப்பா விட்டுப்போன ஆலையையும் அப்பாவின் நாற்காலியையும் சேர்த்துச் சமாளிப்பவள். எதிரே ஹார்கோர்ட், மடியில் ஒப்பந்தம், அதன்மேல் பளபளக்கும் தொப்பி. ஜன்னலோரம் ஃபிஸ்க், கை நிறையப் புத்தம்புதிய கையேடுகள்.

"கிடைச்சுதா? ஆதாரம் கிடைச்சுதா?" என்று பாய்ந்து வந்தார் ஃபிஸ்க். "அதுக்கு முன்னால இதைப் பாருங்க. நேத்துதான் அச்சகத்துலேர்ந்து வந்தது. 'கெரிட்ஜ் சூளை: இடிக்கக் கூடாததற்கு இருபத்து நாலு காரணங்கள்.' மிஸ் கெரிட்ஜ், இதைப் படிச்ச பிறகு உங்களுக்குக் கையெழுத்துப் போட மனசே வராது!"

கிட்டில் ஒன்றை வாங்கி, பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, லெட்டியிடம் கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தில், கறுப்பில், அசல் அளவில் ஒரு முத்திரை. ஆரிஸ் அண்டு சன், 1861.

"பாஸ்" என்று கிசுகிசுத்தாள், "இவரு நம்ம கட்சிக்காரரு."

"அதனாலதான் மரியாதையா கேக்கப் போறேன்." கிட்டில் தொண்டையைச் செருமினார். "அழகான படம் மிஸ்டர் ஃபிஸ்க். எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நானே எடுத்தது! சூளை ஓட்டுலேர்ந்து. ஆரிஸ் ஓடு இந்த மாவட்டத்துல வேற எங்கயும் கிடையாது தெரியுமா? அது என்னோட பதினேழாவது காரணம்."

"முத்திரை ஓட்டோட அடிப்பக்கத்துலதானே இருக்கு?"

"ஆமா. ஒரு ஞாயித்துக்கிழமை, ஆள் இல்லாத நேரமா பாத்து, யாருக்கும் தொந்தரவில்லாம ஒரு மூலையில ஒரே ஒரு ஓட்டை எடுத்தேன். படியெடுத்துட்டு ரொம்பப் பத்திரமா திரும்ப வெச்சுட்டேன். ஒரு கீறல் கிடையாது."

"எப்ப?"

"பிப்ரவரி ஆரம்பம். ஒரு ஆறு வாரம் இருக்கும்."

"எந்தப் பக்கம் மேல இருக்கற மாதிரி வெச்சீங்க?"

"முத்திரைப் பக்கம்தான்! பேரும் வருஷமும் போட்ட பக்கத்தை யாராவது மண்ணைப் பாக்கவிடுவாங்களா? இத்தனை வருஷமா அந்த ஒண்ணைக்கூட யாரும் சரியா வெக்கலையேன்னு எனக்கு..."

ஃபிஸ்க் அத்தோடு நிறுத்தினார். அறையில் இருந்த நாலு பேரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார். வாசலில் நின்ற லட்கின் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டில் கையிலிருந்த ஓட்டை மேசைமேல் வைத்து, நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். ஃபிஸ்க்கின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லின் பிறந்த தேதியும் அவருக்குத் தெரியும். அதற்குள் என்ன வேகிறது, எப்படி வேகிறது என்பது மட்டும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஹார்கோர்ட் களுக்கென்று சிரித்தார்.

"உங்க பேனாவை மூடி வைங்க மிஸ்டர் ஹார்கோர்ட்" என்றாள் மிஸ் கெரிட்ஜ். "நாளைக்கு வர வேண்டாம். சூளை சரியாத்தான் இருக்கு. மேஸ்திரி, இந்த ஓட்டை நேராப் போட்டுட்டு இன்னைக்கு ஈட்டை ஏத்துங்க. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கணும்."

"வேண்டாம் மிஸ். நானும் ஒண்ணு சொல்லணும்." லட்கின் தொப்பியைக் கையில் கசக்கினார். "எனக்குக் கண்ணாடி வேணும். நல்ல கண்ணா இருந்தா இதை மொத நாளே பாத்திருப்பேன்."

மிஸ் கெரிட்ஜ் மேசை நாட்குறிப்பைப் புரட்டினாள். "செவ்வாய்க்கிழமை என் காரிலேயே இப்ஸ்விச் போயிட்டு வரலாம். எனக்கும் பல் டாக்டரைப் பாக்கணும், தனியாப் போக பயமா இருக்கு."

லட்கின் தலையாட்டினார். ஃபிஸ்க் அவரிடம் வந்து நின்றார். கையேடுகள் இன்னும் மார்போடு அணைத்தபடி இருந்தன.

"மேஸ்திரி, இந்தக் கட்டடத்தைக் காப்பாத்த முப்பத்தொரு கடிதம் எழுதினேன் நான்."

"தெரியுமுங்க சார். நீங்க காப்பாத்தின அழகுல நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

"என்னைத் திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க."

"எனக்குச் சூளை பத்த வைக்கற வேலை இருக்கு. உங்களுக்கு வேற ஒரு வேலை வெச்சிருக்கேன். நேரா என் வீட்டுக்குப் போங்க. ஆறு வாரமா எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னு ஹெப்ஸிபாகிட்ட நான் சொல்லலை. வேலை போகப் போகுதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? நீங்க போய்ச் சொல்லுங்க. சாட்சிக்கு இந்தப் புள்ளையும் வரட்டும்."

"உங்க மனைவி... கோபக்காரங்களா?"

"என்னைவிட நல்லவதான். ஆனா இந்த நேரத்துல கையில பூரிக்கட்டை இருக்கும்."

வழி முழுக்க ஃபிஸ்க் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று விதமாகப் பார்த்தார். மூன்றும் சொற்பொழிவாகவே வந்தன. "சுருக்கமா சொல்லுங்க சார்" என்றாள் லெட்டி. "ஓடலாம் போல இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, நானும் வந்துடறேன்."

மால்ட் ஆலைச் சந்தில் கடைசி வீடு. கதவைத் திறந்த பெண்மணி குள்ளமாக, உருண்டையாக இருந்தார். முழங்கைவரை மாவு. கையில் சொன்னபடியே கட்டை. அவருக்குப் பின்னால் மேசையில் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்று முழுதாக ஆறிக்கிடந்தது. பக்கத்தில் முந்தின நாளுடையது, அதுவும் ஒரு துண்டு குறைந்து அப்படியே இருந்தது.

ஃபிஸ்க் சொன்னார். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. ஓட்டைத் தான்தான் எடுத்தது, தலைகீழாக வைத்தது, மால்ட் கருகியது, லட்கின் அதைத் தன் தப்பு என்று நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தது, எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். லெட்டி ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ஹெப்ஸிபா கட்டையை ஓங்கவில்லை. அதை மேசையில் வைத்தார்.

"வாய்க்குப் பிடிக்கலேன்னு சொன்னாரு சார்" என்றார். "அவ்வளவுதான் சொன்னாரு. தினமும் தட்டை ஒதுக்கி வெச்சுட்டு, வாய்க்குப் பிடிக்கலே ஹெப்ஸின்னுவாரு."

மாவுக் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ என் கைப்பக்குவம் போகலையா? ஆறு வாரமா நான் உப்பைக் கூட்டறேன், குறைக்கறேன் சார்."